மூட்டைக்காக முள்ளைப் பிடுங்கிய முள்ளம்பன்றி

குழந்தைகளே, முதலில் ஒரு விடுகதை. நல்ல மழை. இரண்டு பேர் நடந்து வருகிறார்கள். ஒருவரிடம் குடை இருக்கிறது. பழைய குடை, ஒழுகுகிறது, தோள் நனைகிறது. இன்னொருவரிடம் குடையே இல்லை. தலையிலிருந்து கால்வரை தெப்பமாக நனைந்துவிட்டார். பார்த்தவர்கள் இரக்கப்பட்டு, குடை இல்லாதவருக்கு மட்டும் ஒரு துண்டு கொடுத்தார்கள். இப்போது சொல்லுங்கள், இருவரில் கொடுத்துவைத்தவர் யார்?

"துண்டு வாங்கியவர்" என்பவர்கள் இந்தப் பக்கம் உட்காருங்கள். "குடை வைத்திருப்பவர்" என்பவர்கள் அந்தப் பக்கம். "மழை எப்போது நிற்கும்?" என்று கேட்பவர்கள் நடுவில் உட்காரலாம். கதைக்குப் போவோம்.

ஒரு காட்டில், மழை பொய்த்துப்போன ஒரு வருஷம், சிங்கராஜா கொட்டாவி விட்டபடியே ஓர் ஆணை போட்டார்.

"என் காட்டில் யாரும் பட்டினி கிடக்கக் கூடாது. இல்லாதவர்களுக்குப் பௌர்ணமிதோறும் ஒரு மூட்டை கிழங்கு இலவசம்!"

"ராஜா, யார் இல்லாதவர், யார் உள்ளவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்டது அமைச்சர் குரங்கு.

ராஜாவுக்கு அதற்குள் கண் சொக்கிவிட்டது. "எடை பார்" என்று தூக்கத்தில் சொல்லிவிட்டுக் குறட்டை விட்டார்.

ராஜா சொன்னால் சொன்னதுதான். குரங்கு அன்றே 'அளவர்' என்ற புதுப் பட்டத்தைத் தனக்குத் தானே சூட்டிக்கொண்டது. குளத்தின்மேல் நீண்டிருந்த ஓர் அத்திக் கிளையைத் தேர்ந்தெடுத்தது. சட்டத்தையும் அறிவித்தது.

உதவி கேட்பவர் தம்மிடம் இருப்பதை எல்லாம் சுமந்துகொண்டு கிளையில் ஏறி உட்கார வேண்டும். கிளையின் நுனி தண்ணீரைத் தொட்டால் அவர் உள்ளவர். தொடாவிட்டால் இல்லாதவர். சொந்த வளை வைத்திருப்பவர், அந்த வளையின் மண்ணில் ஒரு கட்டியை வாலில் கட்டிக்கொண்டு ஏற வேண்டும்.

முதல் பௌர்ணமிக்கு யானையார் வந்தார். அவர் ஏறினால் கிளை முறிந்துவிடும் என்பதால், கரையிலேயே நிற்கச் சொன்னார் அளவர். கிளை தண்ணீரைத் தொடவில்லை. ஆகவே யானையார் இல்லாதவர் என்று முடிவாயிற்று. அவருக்குக் கரும்பு வண்டி வண்டியாகப் போயிற்று. அதை யாரும் பார்க்கவில்லை. யானை நடந்து வந்தால், மற்றவர்கள் ஒதுங்கிக் கண்ணை மூடிக்கொள்வதுதான் அந்தக் காட்டு வழக்கம்.

எல்லோர் கண்ணிலும் பட்டது சுண்டெலி சின்னாத்தாளின் மூட்டைதான்.

சின்னாத்தாளுக்கு வளை கிடையாது. குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் நாலு புல்லைக் கூட்டி வைத்துப் பிள்ளைகளோடு வாழ்ந்தாள். அவள் கிளையில் உட்கார்ந்தபோது கிளைக்கே அது தெரியவில்லை. வாங்கிய மூட்டை அவளைவிடப் பெரியது. அதைத் தள்ளிக்கொண்டு அவளும் பிள்ளைகளும் போவது வெளியே தெரியாது. மூட்டையே எழுந்து நடந்து போவதுபோல் இருக்கும்.

அது முள்ளம்பன்றி கூர்மையனின் வளை வாசல் வழியாகத்தான் போகும்.

கூர்மையன் உழைப்பாளி. காலையில் போய்க் கிழங்கு தோண்டுவான். தோண்டியதில் ஆறில் ஒரு பங்கை ராஜாவுக்கு வரியாகக் கொடுப்பான். மீதியை மனைவி சடைச்சியும் மகள் முள்ளியும் அவனும் சாப்பிடுவார்கள். மிச்சம் இருக்காது; குறையும் இருக்காது. அவனிடம் ஒரே ஒரு பழக்கம்தான் கெட்டது. அடுத்தவர் மூட்டை போனால் கழுத்து தானாக நீளும்.

"சடைச்சி! இங்கே வந்து பார், போகிறது!"

"என்ன போகிறது?"

"நம் கிழங்கு!"

சடைச்சி எட்டிப் பார்த்தாள். "அது சின்னாத்தாளின் கிழங்கு அல்லவா?"

"நான் தோண்டி வரி கட்டியது. மேலே ஒன்று கோணலாகத் துருத்திக்கொண்டிருக்கிறது, பார். அந்தக் கோணலை எங்கே கண்டாலும் எனக்குத் தெரியும்."

"போகட்டும், விடுங்கள். சின்னஞ்சிறு பிள்ளைகள்."

"நமக்கும் பிள்ளை இருக்கிறது. எலிக்குக் கிழங்கு இலவசம். யோசித்துப் பார், காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தால் சாப்பாடு! ராணி வாழ்க்கை. நமக்கு என்ன இருக்கிறது?"

"வளை இருக்கிறது."

"வளையைத் தின்ன முடியுமா?"

"முதுகு நிறைய முள் இருக்கிறது."

"முள்ளைத் தின்ன முடியுமா?"

உள்ளேயிருந்து முள்ளியின் குரல் கேட்டது. "அப்பா, மூட்டையைப் போர்த்திக்கொண்டு தூங்க முடியுமா?"

"சின்னவள் பேசாதே" என்றான் கூர்மையன். ஆனால் அன்று முழுவதும் அவனுக்குக் கிழங்கு ருசிக்கவில்லை.

அடுத்த பௌர்ணமி வந்தது. கூர்மையன் வளை மண்ணை வாலில் கட்டிக்கொண்டு நேரே குளக்கரைக்குப் போனான். கிளையில் ஏறினான். உடம்பை ஒடுக்கி, கண்ணை இறுக மூடி உட்கார்ந்தான்.

கிளை மெல்ல வளைந்தது. நுனி தண்ணீருக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு நின்றது.

"உள்ளவர்!" என்று கத்தினார் அளவர்.

"ஐயா, லேசாகத்தானே தொட்டது?"

"தொட்டது தொட்டதுதான்."

"மூச்சை அடக்கிக்கொண்டு இன்னொரு தடவை உட்காரட்டுமா?"

"மூச்சு சட்டத்தில் இல்லை."

"ஐயா, நான் யானையும் இல்லை, எலியும் இல்லை. நடுவில் இருப்பவனுக்கு என்னதான் உண்டு?"

அளவர் தலையைச் சொறிந்து யோசித்தார். "வரி உண்டு" என்றார். "அடுத்தவர் வாருங்கள்!"

கூர்மையன் கீழே இறங்கி, தண்ணீரில் தன் உருவத்தைப் பார்த்தான். முதுகெல்லாம் முள். இந்தப் பாழும் முள்ளின் பாரம் அல்லவா கிளையைச் சாய்த்தது! இந்த மண்கட்டி அல்லவா வாலை இழுத்தது! தின்னவும் உதவாத இரண்டு சாமான்களைச் சுமந்துகொண்டு, தின்கிற சாமானை விட்டுவிட்டேனே என்று அவனுக்கு அழுகை வந்தது.

வழியில் சடைச்சியின் தம்பி கோணையன் மரத்தடியில் படுத்திருந்தான். படுப்பதுதான் அவனுக்கு வேலை.

"கோணையா, எனக்கு ஓர் உதவி செய்வாயா?"

"எழுந்திருக்க வேண்டியிருக்குமா, அத்தான்?"

"வேண்டாம். என் வளை இனிமேல் உன்னுடையது என்று அளவரிடம் சொல்லிவிடுகிறேன். சும்மா பேச்சுக்குத்தான். நீ தலையாட்டினால் போதும்."

கோணையன் தலையாட்டினான். அவ்வளவு சுறுசுறுப்பாக அவன் தலையாட்டி யாரும் பார்த்ததில்லை.

வாலில் இருந்த மண் போயிற்று. இனி முள்.

கூர்மையன் குப்பைமேட்டில், எலி வீடு இல்லாத பக்கமாக உட்கார்ந்து ஒரு முள்ளைப் பிடுங்கினான். "அம்மா!" என்று அலறினான். மூட்டையை நினைத்துக்கொண்டான். அடுத்ததைப் பிடுங்கினான். மூட்டையில் மேலாகத் தெரிந்த கோணல் கிழங்கை நினைத்துக்கொண்டான். அதற்கடுத்ததைப் பிடுங்கினான். இப்படியே நினைப்பதும் பிடுங்குவதுமாக, வீட்டுக்கும் போகாமல் சில நாட்கள் போயின. கடைசியில் குப்பைமேட்டில் முள் குவிந்து கிடந்தது. கூர்மையன் உரித்த பனங்கிழங்குபோல் நின்றான்.

சடைச்சி அவனைப் பார்த்துவிட்டு, "ஐயா, நீங்கள் யார்? என் வீட்டுக்காரர் வெளியே போயிருக்கிறார்" என்றாள்.

"நான்தான், சடைச்சி."

சடைச்சி அவனைச் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். "புதுமுள் முளைக்க ஒரு கோடையும் ஒரு மாரியும் ஆகுமே. அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் மூட்டை!" என்றான் கூர்மையன் பெருமையோடு.

மறுபடியும் பௌர்ணமி. அத்திமரத்தடியில் இல்லாதவர்களின் வரிசை வளைந்து வளைந்து நின்றது. கூர்மையன் முந்திய நாளே வந்திருந்தும் சின்னாத்தாளுக்குப் பின்னால்தான் இடம் கிடைத்தது. அவளும் பிள்ளைகளும் ஒருவர் வாலை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

சின்னாத்தாள் திரும்பிப் பார்த்தாள். இரண்டு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

"கூர்மையன் அண்ணாவா? என்ன நோய், அண்ணா?"

"நோய் இல்லை. இனிமேல் நானும் உன்னைப்போல் சுகமாக இருக்கப்போகிறேன்."

"என்னைப்போல் சுகமாகவா?" சின்னாத்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த சிரிப்பில் கீழே விழுந்தாள். பிள்ளைகள் தூக்கி நிறுத்தினார்கள். திடீரென்று சிரிப்பை நிறுத்திக்கொண்டு கேட்டாள்: "அண்ணா, பிடுங்கிய முள் எங்கே?"

"குப்பைமேட்டில் எறிந்துவிட்டேன்."

"எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் குப்பைமேட்டிலா?"

"ஆமாம்."

"அதற்கு யாரும் சொந்தம் கொண்டாட மாட்டார்களே?"

"குப்பைக்கு யார் சொந்தம் கொண்டாடுவார்கள்?"

அவ்வளவுதான். சின்னாத்தாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரிசையை விட்டே ஓடினாள்.

"ஏய் சின்னாத்தா! மூட்டை!" என்று கூர்மையன் கூப்பிட்டான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

'பாவம், புத்தி பிசகிவிட்டது' என்று நினைத்துக்கொண்டு, கூர்மையன் அவள் விட்ட இடத்துக்கு முன்னேறினான்.

வெயில் சாயும் நேரத்தில் அவன் முறை வந்தது. கிளையில் ஏறினான். நுனி தண்ணீருக்கு மேலேயே நின்றது.

"இல்லாதவர்!" என்றார் அளவர்.

தன் வாழ்நாளில் எந்தப் பட்டத்துக்கும் கூர்மையன் அவ்வளவு மகிழ்ந்ததில்லை. மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு புறப்பட்டான்.

வழியில் ஏதோ வித்தியாசமாக இருந்தது. முன்பெல்லாம் அவன் வந்தால் எதிரே வருபவர்கள் விலகுவார்கள். இன்று ஓர் அணில் அவன் முதுகின்மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போயிற்று. ஓர் ஆமைகூட, "தள்ளிப் போ, மொட்டை" என்றது.

குப்பைமேடு தெரியும் தூரத்தில் ஒரு நரி வழியை மறித்தது.

கூர்மையன் பயப்படவில்லை. நரியைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று முள்ளம்பன்றிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? முதுகைத் திருப்பிக்கொண்டான். உடம்பைச் சிலிர்த்தான். வாலை உதறினான். முள் கலகலக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தான்.

சத்தம் வரவில்லை. காற்று வந்து அவன் முதுகில் ஜில்லென்று பட்டது.

"நன்றாக ஆடுகிறாய்" என்றது நரி. "இது என்ன கூத்து? இன்னொரு தடவை ஆடு, பார்ப்போம்."

கூர்மையன் இன்னொரு தடவை ஆடினான். நரி உதட்டை நக்கிக்கொண்டது.

அப்போதுதான் அவனுக்கு முள் இல்லாதது நினைவுக்கு வந்தது. மூட்டையோடு ஓட்டம் பிடித்தான். மூட்டையை விட்டுவிட்டு ஓடலாம் என்று கால்கள் சொல்லின. விடுவதற்கா இவ்வளவும் என்று கைகள் சொல்லின. நரியின் மூச்சு அவன் வாலில் சுட்டது.

"அண்ணா! இந்தப் பக்கம்!"

சின்னாத்தாளின் குரல். குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் அந்தப் புல் வீட்டைச் சுற்றி ஒரு வேலி நின்றது. நெருக்கமாக, சரிவாக, கூர்முனை வெளியே நீட்டியபடி முள் நட்ட வேலி. அத்தனையும் அவனுடைய முள். கூர்மையன் வேலியில் இருந்த ஒரு சந்தில் தலையை விட்டான். தலை போயிற்று; மூட்டை போயிற்று; உடம்பும் போயிற்று. வால் போகவில்லை.

வால் நரிக்குப் போயிற்று.

நரி இன்னும் கொஞ்சம் எதிர்பார்த்து மூக்கை நீட்டியது. வேலி அதன் மூக்கில் மூன்று முள்ளை நட்டது. நரி ஊளையிட்டுக்கொண்டு பின்வாங்கி, புதருக்குள் போய் உட்கார்ந்தது.

எலி வீட்டில் கூர்மையன் உட்கார்ந்தால் வேறு யாருக்கும் இடமில்லை. பிள்ளைகள் அவன்மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். சின்னாத்தாள் அவனுடைய வால் இருந்த இடத்தில் பச்சிலை வைத்துக் கட்டினாள்.

"தினமுமா இந்த நரி வருகிறது?" என்று கேட்டான் அவன்.

"நரி, பூனை, மேலே பருந்து. யாராவது ஒருவர் வருவார்கள், அண்ணா."

"உனக்குத்தான் மூட்டை வருகிறதே, சந்தோஷமாக இருக்கிறாய் என்றல்லவா நினைத்தேன்!"

"மூட்டை வந்தால் பிள்ளைகளுக்குப் பட்டினி இல்லை. அந்த ராஜா நூறு வருஷம் சுகமாகத் தூங்கட்டும். ஆனால் மூட்டை வாங்கித் திரும்பும்போதெல்லாம் பிள்ளைகளை எண்ணிப் பார்ப்பேன். கணக்குச் சரியாக வந்தால் அன்றுதான் எனக்குப் பௌர்ணமி."

"சரியாக வருமா?"

சின்னாத்தாள் பச்சிலையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டினாள். "போன தடவை வரவில்லை" என்றாள்.

அவள் மூட்டையில் ஒரு கிழங்கு கோணலாக இருந்ததுகூடக் கூர்மையனுக்கு நினைவிருந்தது. மூட்டையைத் தள்ளிக்கொண்டு போனவர்களில் ஒரு பிள்ளை குறைந்தது அவன் கண்ணில் பட்டதே இல்லை.

வெளியே கலகலவென்று முள் சத்தம் கேட்டது. நரி புதரிலிருந்து எழுந்து, "இது ஆட்டம் இல்லை, நிஜம்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச தூரம் தள்ளிப் போய் உட்கார்ந்தது. சடைச்சியும் முள்ளியும் வந்திருந்தார்கள்.

"வாருங்கள், வளைக்குப் போகலாம்" என்றான் கூர்மையன், தலையை மட்டும் வெளியே நீட்டி.

"எந்த வளைக்கு?" என்றாள் சடைச்சி. "கோணையன் வாசலில் கல்லை உருட்டி அடைத்துவிட்டான். 'இது யார் வளை? அளவரைக் கேட்டுவிட்டு வாருங்கள்' என்று உள்ளேயிருந்து சொல்கிறான். தம்பி எழுந்து ஒரு வேலை செய்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன்."

சொல்லிவிட்டு அவள் நேரத்தை வீணாக்கவில்லை. முள்வேலியை ஒட்டிய இடத்தில் முன்னங்கால்களால் மண்ணைப் பறிக்க ஆரம்பித்தாள்.

"கொஞ்சமாகத் தோண்டு, சடைச்சி. மண்ணை வாலில் கட்டச் சொல்வார்கள்."

"கட்ட வால் எங்கே இருக்கிறது?" என்றாள் சடைச்சி.

நரியின் ஊளையைக் கேட்டு அளவரும் வந்து சேர்ந்தார். கலவரம் நடந்த இடத்தைப் பார்க்கவில்லை, வேலியைத்தான் பார்த்தார்.

"சின்னாத்தா! உன்னிடம் இவ்வளவு முள்ளா? இதையெல்லாம் சுமந்துகொண்டு உட்கார்ந்தால் கிளை குளத்தின் அடியையே தொட்டுவிடுமே. இன்றிலிருந்து நீ உள்ளவள். மூட்டை நின்றது."

"ஐயா, வேலி உயிருக்கு. மூட்டை வயிற்றுக்கு. ஒன்று வந்தால் இன்னொன்று எதற்கு நிற்க வேண்டும்?"

"வயிறு சட்டத்தில் இல்லை."

கூர்மையன் தன் மூட்டையை அவிழ்த்தான். பாதிக் கிழங்கை எலிப் பிள்ளைகளின் பக்கம் தள்ளினான். பிள்ளைகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் தலையசைத்ததும் கரகரவென்று கடிக்கத் தொடங்கினார்கள்.

அளவர் அவனைச் சுற்றி வந்தார். "வாலும் போய்விட்டதா? நல்லது, எடை இன்னும் குறையும். வால் இழந்தவர்களுக்கு ஒரு கிழங்கு கூடுதலாகத் தரலாமா என்று யோசிக்கிறேன்." அப்போதுதான் அவர் கண்ணில் முள்ளி பட்டாள். "இது யார்?"

"என் மகள்."

"அடடா! மகள் முதுகில் இவ்வளவு முள் இருக்கும்போது அப்பனை எப்படி இல்லாதவன் என்பது? உன் மூட்டையும் அல்லவா நின்றுவிடும்!" அளவர் முள்ளியின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். குரலில் வெல்லம் கரைந்தது. "ஆனால் ஒரு வழி இருக்கிறது, கண்ணு. உன் முள்ளையும் பிடுங்கிப் போட்டுவிடு. கொஞ்சம்தான் வலிக்கும். அப்புறம் அப்பாவுக்கு ஒரு மூட்டை, உனக்கு ஒரு மூட்டை. பிடுங்காவிட்டால் ஒன்றும் இல்லை. உழைத்துத்தான் தோண்ட வேண்டும், தோண்டியதில் வரியும் கட்ட வேண்டும். நன்றாக யோசித்துச் சொல்."

சடைச்சி தோண்டுவதை நிறுத்தினாள். சின்னாத்தாள் பிள்ளைகளை அணைத்துக்கொண்டாள். தூரத்தில் உட்கார்ந்திருந்த நரியும் காதை நிமிர்த்தியது.

கூர்மையன் மகளிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். காற்று அவன் முதுகில் பட்டது. வாயை மூடிக்கொண்டான்.

"முள்ளா, மூட்டையா?" என்றார் அளவர்.

"முள்" என்றாள் முள்ளி.

நீதி: அடுத்தவர் கையில் இருக்கும் மூட்டையை எண்ணும் முன், அவர் முதுகில் இல்லாத முள்ளை எண்ணிப் பார்.